கிணற்று நீரிற் கலக்கும் பசளை



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். ஆதலால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கும் நீரும், சோறு சமைக்கும் நீரும், குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரும் கிணற்றிலிருந்தே வருகின்றன. பல குடும்பங்களில் இவையெல்லாவற்றுக்கும் ஒரே கிணறுதான். தோட்டத்து மண்ணில் நாம் இடுவதில் ஒரு பகுதி சில மாதங்களுக்குள் நம் வீட்டுக் குடத்துக்குத் திரும்பி வருகின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் உடலுக்கு என்ன தீங்கு, அதனைத் தடுக்க யாது செய்யலாம் என்பவற்றை இங்கே விளக்குவோம்.

நிலத்தடி நீரின் இயல்பு

குடாநாட்டின் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். சுண்ணக்கல் நீரிற் கரையும் தன்மையுடையது. ஆகவே அதனுள் வெடிப்புக்களும் துளைகளும் குகைகளும் நிறைந்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழைநீர் இவற்றினூடே விரைந்து இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோலத் தங்குகின்றது. நாம் இறைப்பது இந்த நன்னீரையே.

மணலோ களியோ தடிப்பாக உள்ள இடங்களில் நீர் மெல்ல வடிந்து இறங்கும். அப்போது அழுக்கில் ஒரு பகுதி மண்ணில் தங்கிவிடும். சுண்ணக்கல் வெடிப்பில் இவ்வாறு வடிவதற்கு வாய்ப்புக் குறைவு. வலிகாமத்திற் பல இடங்களிற் செம்மண்ணின் ஆழமும் அதிகமில்லை. மேலே விழுந்தது கீழே சேருவதற்குத் தடை அதிகம் இல்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

பசளை கிணற்றை அடையும் வழி

யூரியாவில் 100க்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஓர் அந்தர் என நாம் வழக்கமாகச் சொல்லும் 50 கிலோகிராம் மூடையில் 23 கிலோகிராம் நைதரசன் இருக்கின்றது. ஈரமான தோட்டத்து மண்ணில் யூரியா சில நாட்களில் அமோனியமாக மாறும். பின்னர் மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதனைச் சில வாரங்களுள் நைத்திரேற்றாக மாற்றிவிடும்.

அமோனியத்தை மண்ணின் களித்துணிக்கைகள் பிடித்துவைத்திருக்கும். நைத்திரேற்றையோ அவை பிடிப்பதில்லை. அது நீரோடு நீராக நகரும். வேர் உறிஞ்சியது போக எஞ்சியது, அடுத்த பெரிய இறைப்பிலோ அடுத்த மழையிலோ வேர்ப்பகுதியைக் கடந்து கீழே போய்விடும். வெங்காயத்தின் வேர்கள் பெரும்பாலும் மேல் ஓர் அடி மண்ணுக்குள்ளேயே நிற்பன. அதற்குக் கீழே சென்ற நைத்திரேற்று உங்கள் பயிருக்கு இனி இல்லை. அது கிணற்றுக்கே உரியது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மூடை யூரியாவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கீழே வடிந்தது எனக் கொள்வோம். அதிலுள்ள 2.3 கிலோகிராம் நைதரசன் சுமார் 10 கிலோகிராம் நைத்திரேற்றாகும். குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அந்த 10 கிலோகிராம், தூய நீரில் 2 இலட்சம் இலீற்றரை இவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு மூடையின் பத்தில் ஒரு பங்கே இவ்வளவு செய்யுமாயின், ஒரு போகத்தில் ஓர் ஊர் முழுவதும் இடும் பசளையை எண்ணிப் பாருங்கள். வலிகாமத்தின் செறிந்த பயிர்ச்செய்கைப் பகுதிகளில், 1980களிலிருந்து நடந்த பரிசோதனைகளிற் பல கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியிருக்கக் காணப்பட்டமை வியப்பன்று.

மாட்டெருவிலும் ஆட்டெருவிலும் நைதரசன் உண்டு. அளவுக்கு மிஞ்சி இட்டால் அதுவும் நைத்திரேற்றாகி வடியும். மலகூடக் குழியிலிருந்து கசிவதும் அவ்வாறே. ஆகவே குற்றம் யூரியா மூடையில் மட்டும் இல்லை.

உடலுக்கு விளையும் தீங்கு

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பளிங்குபோலத் தெளிந்த நீரிலும் அது இருக்கக்கூடும். இதனாலேயே இத்தீங்கு நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1945 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர், தோட்டக் கிணற்று நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததைக் கண்டு, அதற்குக் காரணம் கிணற்று நீரின் நைத்திரேற்றே என முதன்முதலில் எடுத்துக் காட்டினார்.

நிகழ்வது இதுவே. உட்சென்ற நைத்திரேற்றின் ஒரு பகுதி பற்றீரியாக்களால் நைத்திரைற்றாக மாறுகின்றது. நைத்திரைற்று குருதியிற் சேர்ந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை மாற்றிவிடுகின்றது. மாறிய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்காது. குருதி கபில நிறமடையும். உதடும் நகமும் நீலமாகும். குழந்தை சோர்ந்து, மூச்சு வாங்கும். கடுமையாயின் உயிருக்கே ஆபத்து. இந்நிலைக்கு மருத்துவமனையிற் சிகிச்சை உண்டு. ஆனால் தாமதித்தலாகாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இவ்வாபத்து அதிகம். அவர்களின் இரைப்பையில் அமிலம் குறைவாதலால் நைத்திரேற்றை மாற்றும் பற்றீரியாக்கள் அங்கே எளிதில் வளரும். மாறிய ஈமோகுளோபினைத் திருப்பி நேராக்கும் நொதியமும் அவ்வயதிற் குறைவு. மேலும், உடல் நிறைக்கு ஒப்பிடும்போது குழந்தை பெரியவரிலும் அதிக நீரை உட்கொள்கின்றது. தாய் பருகும் நீரின் நைத்திரேற்று தாய்ப்பாலுக்குச் செல்வது மிகக் குறைவே. ஆகவே முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல் இவ்வாபத்திலிருந்து குழந்தையைக் காக்கும் சிறந்த அரணாகும்.

பெரியவர்களுக்கு நீலம் பாரித்தல் அரிது. எனினும் நைத்திரைற்று வயிற்றில் உணவிலுள்ள வேறு பொருள்களோடு சேர்ந்து, புற்றுநோயைத் தூண்டவல்ல சேர்வைகளை உண்டாக்கக்கூடும். இவ்வாறான நிலையில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றையும் நைத்திரைற்றையும் மனிதரிற் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்ற பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் சேர்த்துள்ளது.

கொதிக்கவைத்தல் உதவாது

கொதித்தாறிய நீர் நல்லது என்பது நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. நைத்திரேற்றோ கொதியால் அழியாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். குளோரின் இடுதலும், துணியில் வடித்தலும், மணல் வடியும், கரி வடியும் இதனை நீக்கமாட்டா. எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் சுத்திகரிப்புப் பொறி நைத்திரேற்றை நீக்கவல்லது. உங்கள் கிணற்று நீர் எல்லைக்கு மேற்பட்டதெனத் தெரிந்தால், குழந்தைக்குரிய நீரை வேறு நல்ல கிணற்றிலிருந்தோ குழாய்நீர் வழங்கலிலிருந்தோ பெறுங்கள். சுத்தமான கூரையிலிருந்து மூடிய தொட்டியிற் சேர்த்த மழைநீரில் நைத்திரேற்று மிகக் குறைவு. அதனைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம்.

கிணற்று நீரே ஒரு பசளை

இனிக் கமக்காரர் பலரும் எண்ணிப் பாராத ஒன்றைச் சொல்வோம். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணற்றிலிருந்து, ஒரு போகத்தில் ஓர் ஏக்கருக்கு மொத்தம் 20 அங்குல ஆழத்திற்கு நீர் இறைக்கின்றீர்கள் எனக் கொள்வோம். அது ஏறத்தாழ 20 இலட்சம் இலீற்றர். அந்நீரோடு சுமார் 23 கிலோகிராம் நைதரசன் தோட்டத்திற்கு வந்து சேருகின்றது. அது சரியாக ஒரு மூடை யூரியாவில் உள்ள அளவாகும்! நீரில் நைத்திரேற்று இருமடங்காயின் இரண்டு மூடை. இதில் ஒரு பகுதி பயிருக்குச் சேராது போயினும், எஞ்சியது பயிருக்கு உணவே.

இதனை அறியாது வழக்கமான அளவை முழுவதும் இடுபவர், தாம் காசு கொடுத்து வாங்கிய மூடையைக் கிணற்றிற் கொட்டுபவரை ஒப்பார். மேலும், மிகுதியான நைதரசனால் வெங்காயத்தின் தாள் செழித்துக் குமிழ் நலியும். சேமிப்பில் அழுகலும் கூடும். ஆகவே நீரையும் மண்ணையும் பரிசோதித்து, இடவேண்டிய அளவை உங்கள் விவசாயப் போதனாசிரியரோடு கலந்து குறைத்துக் கொள்ளுங்கள்.

பசளையை அறவே விடும்படி யாம் சொல்லவில்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்துவந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்ததை நீங்கள் நேரிற் கண்டீர்கள். வேண்டிய அளவை, வேண்டிய நேரத்தில், வேரின் அருகே இடுவதே முறை.

தோட்டத்திற் செய்யவேண்டியவை

நைதரசன் பசளையை ஒரே முறையில் இடாது, பயிரின் வளர்ச்சிக்கேற்ப மூன்று நான்கு தடவைகளாகப் பிரித்து இடுங்கள். இட்டபின் மண்ணால் மூடி, இலேசாக இறையுங்கள். கருமேகம் சூழ்ந்திருக்கும் நாளில் இடுதல் கூடாது.

நீர் இறைப்பிலே கவனம் வேண்டும். துலாவினால் இறைத்த நாளில் நீரின் அருமை கைகளுக்குத் தெரிந்தது. இயந்திரத்தை இயக்கிவிட்டு அப்பாற் செல்லும்போது பாத்தி நிரம்பி வழிகின்றது. வழிந்த நீர் பசளையைக் கீழே இழுக்கின்றது. பாத்திகளைச் சிறிதாக்கி, மட்டமாக்குங்கள். வசதியுள்ளோர் தூவல் முறையையோ சொட்டுநீர் முறையையோ கைக்கொள்ளலாம்.

மாரி மழைக்கு முன் தோட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். வெங்காயமும் மிளகாயும் எடுத்த நிலத்தில் மிஞ்சிய நைத்திரேற்று முதல் மழையோடு இறங்கிவிடும். குரக்கன், சோளம் போன்ற, வேர் ஆழமாகச் செல்லும் பயிரை விதைத்தால் அது அந்நைத்திரேற்றை உறிஞ்சித் தானியமாகவும் மாட்டுத் தீனியாகவும் திருப்பித் தரும்.

எருவை நன்கு உக்கவைத்து, அளவறிந்து இடுங்கள். எருக்குவியலைக் கிணற்றுக்குத் தூரமாக, மழைநீர் படாவண்ணம் கிடுகால் மூடிவையுங்கள்.

வயலில்

நீர் தேங்கிய சேற்று வயலிற் காற்றுப் புகாமையால் நைத்திரேற்று உண்டாவது குறைவு. ஆகவே நெல்வயலால் வரும் கேடு தோட்டத்தால் வருவதிலும் சிறிது. எனினும் யூரியா எறிந்த உடனே வரம்பை வெட்டி நீரை வெளியே விடுவோர் உளர். அந்நீர் வாய்க்கால் வழியே குளத்தை அடைந்து, பாசியைப் பெருக்கி, குளத்து நீரைக் குடிக்கவும் குளிக்கவும் ஒவ்வாததாக்குகின்றது. நீரை வற்றவிட்டுப் பசளையை இட்டு, சில நாட்களுக்கு வரம்பை அடைத்து வையுங்கள். களைகொல்லி தெளித்தபின்னும் இவ்வாறே செய்க.

கிணற்றடியில்

கிணற்றுக்குக் கட்டும், சுற்றிலும் சீமெந்துத் தளமும், கழிவுநீர் தூரச் செல்ல வாய்க்காலும் வேண்டும். பீடைகொல்லியைக் கிணற்றடியிற் கலத்தலும், தெளிகருவியை அங்கே கழுவுதலும் ஒருபோதும் கூடா. வெற்றுப் போத்தல்களைப் பாழ்ங்கிணற்றில் எறிவோர் உண்டு. நிலத்தடியிலே பாழ்ங்கிணறும் நற்கிணறும் ஒரே நீரில் இணைந்தவை என்பதை மறவாதீர்கள். மலகூடக் குழியின் அமைப்பையும் தூரத்தையும் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

நீர்ப் பரிசோதனை

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் நீரைப் பரிசோதிக்கலாம். சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, மூடி, வெயில் படாது குளிர்ச்சியாக வைத்து, அன்றே ஒப்படையுங்கள். ஆவணியில் ஒருமுறையும், மாரி முடிந்து தையில் ஒருமுறையும் பரிசோதித்தல் நன்று. மாரிக்குப் பின் அளவு ஏறியிருந்தால், தோட்டத்துப் பசளை இறங்கியிருத்தல் கூடும் என்று கொள்க. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருப்பின் இப்பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று, பரிசோதித்தே அறியலாம்.
2. கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது.
3. ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்.
4. குழந்தையின் உதடோ நகமோ நீலமானால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.
5. கிணற்று நீரிலுள்ள நைதரசனைக் கணக்கிற் சேர்த்துப் பசளையைக் குறையுங்கள்.
6. பசளையைப் பிரித்து இடுங்கள். நீரை அளவோடு இறையுங்கள்.
7. மாரியில் நிலத்தை வெறுமையாக விடாதீர்கள்.

சுண்ணக்கல்லுக்கு வேலி இல்லை. ஒருவர் தோட்டத்தில் இறங்கியது அயலவர் கிணற்றிலும் ஊறும். ஆகையால் ஓர் ஒழுங்கையில் உள்ள கமக்காரர் அனைவரும் கூடி இம்முறைகளைக் கைக்கொள்வதே பயன் தரும். உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். மேலதிக விவரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகவும்.