ஓடும் ஒளியை நிறுத்திய பெண் விஞ்ஞானி!

உலகத்திலேயே மிக வேகமாக ஓடுவது எது?

ஒளிதான். வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் பாயும். ஒரே வினாடியில் பூமியை 7 தடவை சுற்றிவிடும்.

அப்படிப்பட்ட ஒளியை ரெயில் வேகத்துக்குக் கொண்டுவந்தார், ஒரு பெண் விஞ்ஞானி. பிறகு அதை நிறுத்தியும் காட்டினார்!

அவர் பெயர் லீனே ஹாவ். டென்மார்க் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ரோலண்டு ஆராய்ச்சி நிலையத்தில் செய்த இந்தச் சோதனையின் முடிவை 1999-ம் ஆண்டு வெளியிட்டார்.

கடுங்குளிர்

அவர் எடுத்துக்கொண்ட பொருள் சோடியம். சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். அதைச் சூடாக்கி ஆவி ஆக்கினார். அணுக்கள் தாறுமாறாக ஓடும். அவற்றின் மீது லேசர் கதிரைப் பாய்ச்சி வேகத்தைக் குறைத்தார். வேகம் குறைந்தால் சூடு குறையும்.

பிறகு காபி ஆறுவது போன்ற ஒரு முறை. காபியில் சூடு மிகுந்த பகுதி ஆவியாகப் பறந்துவிடும். மிஞ்சியது ஆறும். அதுபோல, துள்ளுகிற அணுக்களை வெளியே விட்டு, அடங்கிய அணுக்களை மட்டும் காந்தக் கூண்டில் வைத்துக்கொண்டார்.

பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரிதான் குளிரின் கடைசி எல்லை. சோடியம் ஆவி அந்த எல்லையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. இடைவெளி, ஒரு டிகிரியில் 10 லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இந்தக் குளிரில் அணுக்கள் தனித்தனியாக நடப்பதை விட்டு, ஒரே பொருள் போல நடக்கும். இதற்கு அடிப்படையான கணக்கை 1924-ம் ஆண்டு டாக்காவில் இருந்து எழுதி அனுப்பியவர், நம் நாட்டு சத்தியேந்திரநாத் போஸ். அதை ஐன்ஸ்டீன் விரிவாக்கினார். 1995-ல் விஞ்ஞானிகள் அதைச் செய்து காட்டினார்கள். அவர்களுக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. போசுக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

மாயக் கதவு

சோடியம் ஆவி, தனக்கு உரிய மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும். ஆனால், இன்னொரு லேசரைச் சரியான அளவில் பாய்ச்சினால், கதவு திறந்தது போல ஒளிக்கு வழி விடும். வழி விட்டாலும் வேகமாகப் போக விடாது.

எவ்வளவு மெதுவாகப் போனது தெரியுமா? வினாடிக்கு 17 மீட்டர். அதாவது மணிக்கு 61 கிலோ மீட்டர்!

2001-ம் ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனார் ஹாவ். ஒளித் துணுக்கு உள்ளே நுழைந்ததும், இரண்டாவது லேசரை "டக்" என்று அணைத்தார். ஒளி மறைந்துவிட்டது. ஆனால் அழியவில்லை. டேப்பில் பாட்டு பதிவது போல, அதன் அடையாளம் அணுக்களில் பதிந்துவிட்டது. லேசரை மீண்டும் போட்டதும் அதே ஒளி வெளியே வந்தது!

முதலில் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் நிறுத்த முடிந்தது. 2009-ல் அது ஒன்றரை வினாடி ஆனது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் 2013-ல் ஒரு படிகத்துக்குள் 1 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள்.

இதனால் என்ன லாபம்?

இப்போது பேங்கி பணமும் டெலிபோன் பேச்சும் கண்ணாடி இழையில் ஒளியாகத்தான் ஓடுகின்றன. 100 கிலோ மீட்டர் போவதற்குள் 100-ல் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அதனால் நடுவழியில் ஒளியைப் பெருக்கி அனுப்பும் கருவிகளை வைத்திருக்கிறார்கள்.

ரகசியத்தை ஒவ்வொரு ஒளித்துகளாக அனுப்பும் முறை ஒன்று உண்டு. தனி ஒளித்துகளை நகல் எடுக்க இயற்கையே விடுவதில்லை. 1982-ல் இது நிரூபிக்கப்பட்டது. திருடனால் நகல் எடுக்க முடியாது. நல்லதுதான். ஆனால் நடுவழிக் கருவியாலும் முடியாதே!

அதற்கு ஒரு வழி, தூரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இணைப்பது. ஒரு துண்டில் ஒளி வந்து சேர்ந்தால், அடுத்த துண்டில் வரும் வரை காத்திருக்கவேண்டும். ஜோலார்பேட்டையில் இறங்கி இணைப்பு ரெயிலுக்குக் காத்திருக்கிறோம் அல்லவா? அப்படி. ஓடுகிற ஒளிக்கு அந்த பிளாட்பாரம்தான் இந்தக் குளிர்ந்த அணுக்கள். "குவாண்டம் நினைவகம்" என்று இதற்குப் பெயர்.

சிக்கல் இல்லாமல் இல்லை. சாதனங்கள் ஓர் அறையையே அடைத்துக்கொள்கின்றன. உள்ளே போன ஒளி முழுவதும் திரும்பி வருவதும் இல்லை.

பெங்களூர் சதாசிவநகரில், சர் சி.வி.ராமன் 1948-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திலும் சோடியம் போன்ற அணுக்களைக் குளிர வைத்து ஆராய்கிறார்கள். மத்திய அரசு 2023-ல் குவாண்டம் திட்டத்துக்கு 6 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. 2 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்துக்கு ஊர் விட்டு ஊர் ரகசியச் செய்தி அனுப்புவதும், இத்தகைய நினைவகங்களை வைத்து நிலையங்களை இணைப்பதும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.