அச்சிலேயே வளரும் சஃபயர்

போன் கேமராமேல் சஃபயர் இருக்கே, அப்போ முழு ஸ்கிரீனும் ஏன் சஃபயரில் வரல? போன எபிசோடுக்குப் பிறகு பலர் கேட்ட கேள்வி இது. எனக்குத் தெரிஞ்ச பதில்: வளர்க்கிறதைவிட அறுக்கிறதுதான் தலைவலி.

செயற்கை சஃபயர் என்பது நிறமில்லாத அலுமினியம் ஆக்சைடு, முழுத் துண்டும் ஒரே படிகம். மோஸ் அளவில் கடினம் 9, வைரத்துக்கு 10. (இந்தக் கனிமத்தை ஆங்கிலத்தில் கொரண்டம் என்பாங்க. அந்தப் பெயர் போனதே நம்ம 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்துதான்.) சூப்பர்மார்க்கெட் ஸ்கேனர் சிலவற்றில் மேல் ஜன்னல் இதுதான். நாள் முழுக்க டின் உரசினாலும் கீறாது.

ஆனா கீறாத பொருளை வெட்டுறது எப்படி? வைரம் பதித்த கம்பியால் பொறுமையா அறுக்கணும், பிறகு தேய்த்து மெருகேற்றணும். ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் கல் தூளாகப் போயிடும்.

1960களில் அமெரிக்காவின் டைக்கோ ஆய்வகத்தில் ஹரோல்ட் லபெல் வேறு வழி பிடித்தார். சோவியத்தில் ஸ்டெபனோவ் அதற்கு முன்பே இதே திசையில் யோசித்திருந்தார். லபெல் முறையின் பெயர் சுருக்கமா இ.எஃப்.ஜி. சுமார் 2,050 டிகிரி செல்சியஸில் அலுமினா உருகிக் கிடக்கும். அதில் மாலிப்டினம் அச்சு ஒன்று நிற்கும். அச்சின் நடுவே மெல்லிய பிளவு. டிஷ்யூவில் தண்ணி ஏறுற மாதிரி, உருகியது பிளவு வழியா தானாக மேலே ஏறி, அச்சின் தலையில் படலமாகப் பரவி, விளிம்பில் நின்றுவிடும். மேலிருந்து ஒரு விதைப் படிகத்தைத் தொடவைத்து மெதுவா இழுத்தால், அந்த விளிம்பின் வடிவத்திலேயே படிகம் எழும்பும். நீள விளிம்புக்குத் தகடு, வளையத்துக்குக் குழாய். கிட்டத்தட்ட முறுக்கு அச்சுதான், ஆனா இங்கே அழுத்துறது இல்லை, இழுக்கிறது.

இலவசமா எதுவும் கிடைக்கல. இப்படி வளர்ந்த தகட்டில் மேற்பரப்பை ஒட்டி நுண்குமிழிகள் சிக்கும், வரிவரியா அலையும் இருக்கும். மெருகு வேலை குறையுமே தவிர ஒழியாது. ரொம்பத் தெளிவு வேணும் என்கிற இடங்களில் இன்னும் பெரிய கட்டியை மெதுவா வளர்த்துத்தான் அறுக்கிறாங்க.

2013ல் ஆப்பிளும் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸும் போன வழியும் கட்டிதான். ஆப்பிள் 578 மில்லியன் டாலர் முன்பணம் தர ஒப்புக்கொண்டது. அரிசோனாவின் மேசாவில் உலைகள் வந்தன, இலக்கு 262 கிலோ கட்டிகள். பயன்படாத கட்டிகள் குவிந்தன. 2014 அக்டோபரில் ஜிடி திவால் மனு போட்டது, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தாங்க. அச்சில் வளர்த்திருந்தால் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அளவும் அந்த அவசரமும் எந்த உலைக்கும் சுமைதான்.

ஸ்கிரீன் கண்ணாடியாகவே தொடருது. கேமராமேல் உள்ள சின்ன வட்டத்துக்கு மட்டும் சஃபயர் கட்டுப்படியாகுது.