உடம்புக்குள்ளே ஓர் அடுப்பு



மதுரைச் சித்திரை வெயிலில் நாம் வியர்த்து விறுவிறுத்துக் கிடக்கும்போதும், அப்போதுதான் பிறந்த குழந்தைக்குக் குளிரெடுக்கும். கதகதப்பான கருப்பையிலிருந்து ஈரத்தோடு வெளியே வருகிறதல்லவா? நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடேறும். பச்சைப் பிள்ளைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்காகவே அதன் முதுகிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது.

நம் வயிற்றில் மடிப்பு விழுவது வெள்ளைக் கொழுப்பு. அது குதிரில் கொட்டி வைத்த நெல் மாதிரி. பழுப்புக் கொழுப்போ அடுப்பு மாதிரி.

அடுப்பை மூட்டுவது யார்?

தோலில் குளிர் பட்டதும் மூளைக்குச் சேதி போகிறது. மூளை நரம்பு வழியே உத்தரவு அனுப்புகிறது. நரம்பு நுனியில் நார்அட்ரினலின் என்ற இரசாயனம் சுரக்கிறது. அது கொழுப்பு உயிரணுவின் மேல், பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்துகிறது. உடனே உயிரணுவுக்குள் சேதி கைமாறிப் போய், கொழுப்புத் துளி கரைந்து எரிகிறது.

மற்ற உயிரணுக்கள் இப்படிக் கிடைக்கும் சக்தியை வேலைக்கென்று எடுத்து வைக்கும். இங்கே யு.சி.பி.1 என்ற புரதம் அதை வெப்பமாக்கி விடுகிறது. கிணற்று மோட்டார் தண்ணீர் இறைக்காமல் சும்மா ஓடினால் சூடேறுமே, அந்தக் கதைதான்.

பிள்ளை பிறந்ததும் செய்ய வேண்டியவை

1. உடனே துடைத்து, தாயின் வெற்று மார்போடு அணைத்து வையுங்கள். தலையை மூடுங்கள்.
2. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள்.
3. “அழுக்குப் போகக் குளிப்பாட்டிப்புடுவோம்” என்று பெரியவங்க சொல்வாங்க. 24 மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.
4. குறைமாதப் பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் இந்தக் கொழுப்பு போதாது. கூடுதல் கவனம் தேவை. அப்பாவும் மார்போடு அணைத்து வைக்கலாம்.

தொப்பை கரையுமா?

பெரியவர்களுக்கும் கழுத்திலும் காறை எலும்பின் மேலும் பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் உண்டு என்று 2009-ல் வெளியான ஆய்வுகள் உறுதி செய்தன. “ஏங்க, அதை மருந்தால தட்டி எழுப்பினா உங்க தொப்பை கரைஞ்சிடுமே?” என்று வீட்டில் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

விஞ்ஞானிகளும் அதைத்தான் தேடுகிறார்கள். சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தரும் மிராபெக்ரான் மருந்தை அதிக அளவில் கொடுத்தபோது பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டது என 2015-ல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறின. பருமனைக் குறைக்க அது அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. 1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்ற மருந்தை எடை குறைய விழுங்கினார்கள். அது ஒரு கொழுப்பை மட்டும் அல்ல, உடம்பு முழுவதையும் கொதிக்க வைத்தது. சிலர் கண் புரையால் பார்வை இழந்தனர். சிலர் உயிரையே விட்டனர். 1938-ல் அங்கே அதை நிறுத்தினார்கள். ஆகவே, “கொழுப்பை எரிக்கும்” என்று விற்கிற பொடியையும் மாத்திரையையும் நம்பி ஏமாறாதீர்கள்.

இன்று நம் கையில் உள்ள வழி

நம் நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 40 பேருக்கு வயிற்றுப் பருமன் உண்டென்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. சர்க்கரை நோய்க்கு இது வாசல்.

ஒரு டேப்பை எடுங்கள். கணவர் மனைவிக்கும், மனைவி கணவருக்கும் இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, கீரை, காய், பருப்பைக் கூட்டுங்கள். இரவுப் பரோட்டாவைத் தள்ளி வையுங்கள். இருவரும் சேர்ந்து கண்மாய்க் கரையில் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

பிள்ளைக்குக் கதகதப்பு! பெற்றோருக்குச் சுறுசுறுப்பு!