இரண்டும் மெய்யெனில்

தேவதத்தன் என்பான் பருத்த உடலினன். அவன் பகலில் ஒரு பிடியும் உண்பதில்லை. ஆயினும் அவன் உடல் சிறிதும் மெலியவில்லை. இஃது எங்ஙனம் கூடும்? மீமாம்சை நூலார் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வரும் வினா இது. விடை நேயர்களுக்கு இதற்குள் புலனாகியிருக்கும். அவன் இரவில் உண்கின்றான்.

இவ்வாறு, ஒன்றோடொன்று மாறுபடுவனபோல் தோன்றும் இரு செய்திகளைப் பொருத்துவதற்காகச் சொல்லப்படாத மூன்றாவது செய்தி ஒன்றைக் கொள்ளுதலை அருத்தாபத்தி என்பர். மணிமேகலையும் அளவைகளை எண்ணுமிடத்து இதனை ஒன்றாக வைக்கின்றது.

இந்தப் பழைய அளவையே இன்று தேர்வுக்கூடத்தில் புதிய உடையில் நிற்கின்றது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர விழைவோர்க்காக 1948-இல் தொடங்கிய எல்.எஸ்.ஏ.டி. தேர்வின் தருக்கப் பகுதியில், முரண் தீர்க்கும் வினா ஒரு தனி வகையாகவே அமைந்துள்ளது. நம் நாட்டுச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குரிய கிளாட் தேர்விலும் தருக்கப் பகுதி உண்டு. ஆகவே இவ்வகை வினாவின் இயல்பை அறிந்துகொள்வது நம் இளைஞர்க்கும் பயன் தரும்.

வினாவின் அமைப்பு எளியது. முதலில் ஒரு சிறு பத்தி. அதனுள் இரண்டு செய்திகள். அவற்றின் நடுவே பெரும்பாலும் 'ஆயினும்', 'எனினும்' போன்ற ஒரு சொல் நிற்கும். முரண் பிறக்கும் இடம் அதுவே. இறுதியில், "பின்வருவனவற்றுள் எது உண்மையாயின் இம்முரண் நன்கு விளங்கும்?" என்று கேட்பர். 'உண்மையாயின்' என்பதை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். விடைகள் மெய்யா பொய்யா என ஆராய்வது நம் பணியன்று. அவற்றை மெய்யென்றே கொண்டு, எது இரு செய்திகளையும் ஒருங்கே தாங்குகிறது என்று பார்த்தலே நம் பணி.

வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றையே வினாவாக்கிப் பார்ப்போம். வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுக்கென இரு பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றினர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பணியாற்றினர். இன்ன நாளில் வருவோர் இன்ன பிரிவுக்கு என முறைவைத்துத் தாய்மார்களைச் சேர்த்தனர். ஆயினும் 1846-இல் முதற் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் மூவருக்கும் குறைவு. பெரும்பாலோரைக் கொண்டுபோனது பிரசவ ஜன்னி. கற்றவர் கையில் சாவு மிகுந்தது ஏன்?

இனி விடைகள் நான்கு:

(அ) இரண்டாம் பிரிவில் நெரிசல் மிகுதி.
(ஆ) முதற் பிரிவு மருத்துவர்கள் சிறந்த பயிற்சி பெற்றவர்கள்.
(இ) நகரின் காற்றிலேயே நோய் பரவியிருந்தது.
(ஈ) முதற் பிரிவினர் பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு தாய்மாரைப் பரிசோதிக்க வந்தனர். மருத்துவச்சிகள் பிணங்களைத் தொடுவதில்லை.

முதலிரு விடைகளும் முரணைத் தீர்ப்பதற்கு மாறாக வளர்க்கின்றன. நெரிசல் மிக்க இடத்திலன்றோ சாவு மிக வேண்டும்? பயிற்சி மிக்க இடத்திலன்றோ அது குறைய வேண்டும்? மூன்றாவது, நோய்க்குக் காரணம் கூறுகிறதேயன்றி வேறுபாட்டுக்குக் காரணம் கூறவில்லை; ஒரே காற்றைத்தான் இரு பிரிவினரும் உட்கொண்டனர். மாணவர் பலர் தவறுவது இத்தகைய விடையிலேதான். நான்காவது ஒன்றே முதற் பிரிவில் சாவு மிகுந்ததையும் இரண்டாம் பிரிவில் குறைந்ததையும் ஒருசேர விளக்குகின்றது. அதன் பிற்பாதியை நீக்கிவிட்டால் விளக்கமும் பாதியாகிவிடும் என்பதையும் காண்க.

அன்று இவ்வினாவைத் தேர்வுத்தாளில் அன்றி நோயாளிகளின் கட்டிலருகே நின்று எதிர்கொண்டவர் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர், பிண ஆராய்ச்சியின்போது மாணவன் ஒருவனின் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலிற் கண்ட குறிகள் ஜன்னியால் மாண்ட தாய்மாரிடம் கண்டவற்றை ஒத்திருந்தன. மறைந்திருந்த மூன்றாவது செய்தி அங்கே வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே பரிசோதிக்க வேண்டுமென அவர் விதித்தார். 1848-இல் முதற் பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவுக்கு அருகே வந்தனர்.

ஆயினும் மருத்துவருலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. தம் கையே நஞ்சைக் கொண்டுசென்றது என்பதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. 1865-இல் செம்மல்வைஸ் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார். ஜன்னிக்குரிய கிருமியைப் பாஸ்தர் 1879-இல் எடுத்துக்காட்டினார். இடைப்பட்ட ஆண்டுகளில் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் எத்தனையோ!

தேர்வெழுதும் இளைஞர்கள் மனத்திற் கொள்ளத்தக்கது இதுவே. இரண்டு செய்திகள் முரண்படும்போது, நமக்குப் பிடிக்காத ஒன்றைப் பொய்யெனத் தள்ளுதல் எளிது. இரண்டையும் மெய்யெனக் கொண்டு, அவற்றை இணைப்பது எது எனத் தேடுதலே அரிது. அத்தேடல் தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண்ணைப் பெற்றுத் தரும். வியன்னாவில் அது தாய்மாரின் உயிரைக் காத்தது.