குடிபோக ஏற்ற ஏரியா எது?



"சிவில் படிக்கிறியே, குடியிருக்க ஒரு நல்ல எடம் பாத்துச் சொல்லத் தெரியலியா?" அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். சர்வேயிங்கில் நல்ல மார்க் வாங்கிய எனக்குச் சுருக்கென்றது.

நாங்கள் திண்டிவனத்தில் கிடங்கல் ஏரிப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விடிவதற்குள் எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர். என் டிராயிங் ஷீட்டுகள், அக்காவின் சர்ட்டிபிகேட்டுகள் எல்லாம் கூழாகிவிட்டன. சங்க கால நல்லியக்கோடனின் 'கிடங்கில்' இதுதான் என்று பள்ளியில் பெருமையாகப் படித்தவன் நான். பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி. பேரிலேயே தண்ணீர் இருக்கு, நாங்கதான் கவனிக்கலை! (அதற்காக 'மேடு' என்று முடியும் ஊரையெல்லாம் மேடு என்று நம்பிவிடாதீர்கள்.)

அப்பாவுக்கு வேலை விழுப்புரத்தில். அங்கேயே வீடு பார்த்தோம். புரோக்கர் எங்களை அழைத்துப் போனது நல்ல வெயிலில், காலை பதினோரு மணிக்கு. புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், புதுசாய் பெயிண்ட் அடித்த வீடு, குறைந்த வாடகை. அப்பா அட்வான்ஸை எடுத்துவிட்டார்.

எனக்கு மட்டும் சில விஷயங்கள் இடித்தன. கரண்ட் மீட்டர் தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது. வாசற்படியில் இரண்டு வரிசை செங்கல் புதிதாக வைத்துப் பூசியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு. தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பஸ் ஸ்டாண்டே ஏரிக்குள்ளதான் இருக்கு தம்பி. மழை வந்தா கட்டிலு மேல கட்டில போடணும்" என்றார். புரோக்கருக்குக் கமிஷன் உண்டு, இவருக்கு எதுவும் இல்லை. யார் சொல்வதை நம்புவது?

அப்பா நம்பவில்லை. மறுநாள் தெரிந்த கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி வந்தேன். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்; இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான் சூட்சுமம். ரோட்டைவிட வீட்டுத் தரை நான்கு அங்குலம் தாழ்வு! கட்டும்போது வீடு உயரமாகத்தான் இருந்திருக்கும். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டதற்குக் காரணமே இதுதான்.

விழுப்புரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் ரயில் பாதை போகிறது. பாதையைத் தாங்கும் மண்கரை மழைத்தண்ணீருக்கு ஓர் அணை மாதிரி. கரைக்கு அடியில் உள்ள சிறுபாலம் குப்பையால் அடைத்துக்கொண்டால், மேட்டுப்பக்கத்துத் தண்ணீர் அங்கேயே தேங்கிவிடும். ஊருக்குள் போக ரயில்வே சுரங்கப்பாதை மட்டுமே வழி என்றால், பெருமழையில் அந்த ஏரியா தீவுதான். ராத்திரி பிரசவ வலி எடுத்தால் ஆட்டோ எப்படி வரும்?

அதன்பிறகு பார்த்த ஒவ்வொரு தெருவுக்கும் மூன்று முறை போனேன். காலையில் குழாயடி, சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் நேரம், ராத்திரி ஒன்பதரை. குழாயடியில் ஐந்து நிமிஷம் நின்றால் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, சாக்கடை எப்போது பொங்கும் என்பதெல்லாம் கேட்காமலே காதில் விழும். ராத்திரி போனது அக்காவுக்காக. டியூஷன் முடிந்து தனியாக நடந்து வருபவள் அவள். எரியாத தெருவிளக்குகளை எண்ணினேன். ஒரு தெருவில் ஏழுக்கு ஐந்து எரியவில்லை, அதை விட்டுவிட்டோம்.

கடைசியில் கிடைத்த வீட்டுக்கு வாடகை ஆயிரம் ரூபாய் அதிகம். அப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். தரை ரோட்டைவிட ஒன்றரை அடி உயரம், தெருவில் விளக்கு எரிகிறது. போர் தண்ணீர் மட்டும் உப்பு. அதைக் கவனிக்க எனக்குத் தோன்றவில்லை. குடிக்க கேன் வாங்கும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் பார்க்கிறார்.