அடித்தவர் பெயர்



அண்ணன் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் கவிதையையும் நாவலையும் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். புதிதாக வெளிவரும் சுயாதீன இசையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் சற்று யோசித்தார்கள். என்னை இதற்குள் தள்ளியது ஒரு கேசட். அண்ணன் வீட்டார் போன மாதம் கொடுத்தார்கள். அட்டையில் அண்ணன் கையெழுத்தில் ‘தமட்டை, கெலவரப்பள்ளி’ என்று இருக்கிறது. உள்ளே நாற்பது நிமிடம், மூன்று பேர் அடிக்கிறார்கள். யார் அந்த மூன்று பேர் என்று எங்கும் இல்லை.

அண்ணனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா பாடகர்கள், ராப் பாடுபவர்கள், கிடார், டிரம்ஸ், பறை, சட்டி என்று மேடையில் 19 பேர். குழுவின் பெயருக்கு வேர், சாதியற்ற தமிழர் என்று பேசிய பண்டிதர் அயோத்திதாசரிடம் இருக்கிறது. ஓசூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இசை விமர்சனம் எழுதினேன். பாடியவர்கள் பெயரை எழுதினேன். கிடார் வாசித்தவர் பெயரை விசாரித்து எழுதினேன். பறைக்கு வந்தபோது ‘பறை அதிர்ந்தது’ என்று எழுதி முடித்துவிட்டேன். பறை தானாகவா அதிரும்?

மார்கழிக் கச்சேரி விமர்சனம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பாடகர் பெயருக்குப் பிறகு வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று ஒவ்வொரு பெயரும் வரும். தம்புரா மீட்டியவர் பெயர்கூடச் சில சமயம் வரும். நூறாண்டு கழித்து ஒருவர் வரலாறு எழுத உட்கார்ந்தால் அவருக்குப் பெயர்கள் கிடைக்கும். அதே மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர் பெயர் கிடைக்காது. அதைத் தேடிப்போய்த்தான் டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. விமர்சனம் என்பது ரசனை மட்டுமில்லை, பதிவேடும்கூட. யாரை எழுதுகிறோமோ அவர்தான் பின்னால் இருந்தவராக ஆகிறார்.

இன்றைக்குச் செயலிகளில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் பாடல்கள் ஏறுவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். செயலி நமக்குக் காட்டுவது, நம்மைப் போன்றவர்கள் ஏற்கெனவே கேட்டதை. யாரும் கேட்காததை அது காட்டாது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்குப் பணம் தருவதில்லை. ஆக, சூளகிரிப் பக்கம் ஒரு பையன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் போட்டுத் தரும் பாட்டு, நாம் தேடிப் போனால்தான் நம் காதுக்கு வரும். ஒரு பாட்டு பிடித்தால் அதன் பெயர்ப்பட்டியலைத் திறந்து, இசை கோத்தவர் யார், மிக்சிங் செய்தவர் யார் என்று பார்த்து, அந்தப் பெயர் வேறெங்கே வருகிறது என்று தேடிப் போகலாம். நான் அப்படித்தான் போகிறேன். அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குறள்’ தொகுப்பு எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஸ்னோலின் பெயரில் அதில் ஒரு பாட்டு இருக்கிறது. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் காசு கொடுத்து வாங்கினால் பெரும்பங்கு கலைஞருக்கே போகிறது. முடிந்தவர்கள் வாங்குங்கள்.

கேட்பது எப்படி? நான் மூன்று முறை கேட்பேன். முதலில் கம்பெனி பஸ்ஸில், போன் ஸ்பீக்கரில், எல்லா இரைச்சலோடும். பெரும்பாலோர் அப்படித்தான் கேட்கிறார்கள், அதில் நிற்காத பாட்டு எதிலும் நிற்காது. இரண்டாவது ஹெட்போனில். மூன்றாவது முறை பாடகரை விட்டுவிட்டுத் தோல்கருவியை மட்டும் பின்தொடர்வேன். நெருப்பில் காய்ச்சிய பறையின் ஒலி உங்களுக்குத் தெரியும். இடக்கையில் சிம்புக்குச்சி, வலக்கையில் அடிக்குச்சி. சிம்பு ஒரு மயிரிழை முந்தியோ பிந்தியோ விழும், ஆட்டத்துக்கு உயிர் அங்கேதான். கணினியில் இசை கோப்பவர் அந்த அடியைக் கட்டம் கட்டமாக நேராக்கிவிட்டால் தாளம் சுத்தமாகிவிடும், ஆள் காணாமல் போய்விடுவார். இன்னும் மோசம், ‘எத்னிக் பெர்குஷன்’ என்ற தலைப்பில் விற்கும் ஒலித்துண்டை வாங்கி ஒட்டுவது. அதில் பறை இருக்கும், பறையர் இருக்க மாட்டார். இதைக் காதால் கண்டுபிடித்து எழுதுவதுதான் விமர்சகருக்கான வேலை. ‘துள்ளல் இசை’ என்று எழுத ஆள் தேவையில்லை.

கணினி இசையே நமக்கு அந்நியம் என்று நினைக்கும் மூத்த தோழர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் அங்கே வழிகாட்டியாக வேலை பார்த்தான். கூட்டம் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் கிடந்ததை அவன் கவனித்தான். ஐந்தாண்டு கழித்து, 1984இல், அவன் பங்கில் உருவான ‘ஆன் அண்ட் ஆன்’ இசைத்தட்டு வந்தது. ‘ஹவுஸ்’ இசையின் முதல் தட்டாகப் பலர் அதைச் சொல்கிறார்கள். அதே நகரத்துக் கறுப்பின இளைஞர்கள், சந்தையில் தோற்று மலிவாகக் கிடைத்த ரோலண்ட் கருவிகளை வாங்கித் திருகித் திருகி உலகத்தையே ஆட வைத்தார்கள். அதே கருவிகளை வைத்து மும்பையில் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் தட்டாகப் போட்டார். யாரும் சீந்தவில்லை. ஹாலந்துக்காரர் ஒருவர் பழைய தட்டைக் கண்டெடுத்து 2010இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. விமர்சனம் 28 ஆண்டு தாமதமாக வந்தது. அதற்குள் அவருக்குக் கிழப்பருவம்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. பாடலை எழுதிப் பாடியவர் அறிவு, உடன் பாடியவர் தீ, இசையில் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு. அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவர்கள் இருவரின் பாட்டுக்கும் வரிகள் தந்த அறிவு இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், சர்ச்சையானது, பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. இதில் யார் நல்லவர் யார் கெட்டவர் என்பதல்ல என் கவலை. கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டிலேயே எழுதியவர் பெயரைக் குரல் எழுப்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், ஐந்நூறு பேர் கேட்ட பாட்டில் பறை அடித்தவர் பெயரை யார் கேட்பார்? பணக் கதை தனி. அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகை நடத்திய பண்டிதர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

பண்டிதரின் எழுத்து பிழைத்ததில் இந்த எல்லைப் பகுதிக்குப் பங்கு உண்டு. 1914இல் அவர் மறைந்த பிறகு அவர் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது இங்கிருந்து வெகுதூரம் இல்லாத கோலார் தங்கவயல். சுரங்கத் தொழிலாளிகள் காசு சேர்த்துச் செய்த வேலை. அந்த வேலையைத்தான் இசைக்கும் செய்யச் சொல்கிறேன். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. தென்பெண்ணை நுரை பொங்கி அணைக்கு வரும்போது அது எந்த மாநிலத்து நுரை என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. நாம் பறை என்பதையும் தமட்டை என்பதையும் கன்னடத்தில் தமட்டெ என்கிறார்கள். 2023இல் சிக்கபள்ளாபூர் மாவட்டத்துத் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025இல் நம் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு. அரசாங்கமே பெயர் எழுதிவிட்டது, நம் சிற்றிதழ்களில் இன்னும் ‘பறை முழங்க’ என்றே வருகிறது.

நான் இப்போது வைத்திருக்கும் நோட்டில், ஒரு பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன் பெயர்களை எழுதிவிடுகிறேன். பெயர்ப்பட்டியலில் இல்லையென்றால் வெளியிட்டவருக்கே எழுதிக் கேட்கிறேன். பாதிப் பேர் பதில் போடுகிறார்கள். ‘விட்டுப்போச்சுண்ணா, சேர்த்துடறேன்’ என்று ஒரு தம்பி சேர்த்தே விட்டான்.

கேசட்டை ஒரு நண்பர் சுத்தம் செய்து போனில் ஏற்றித் தந்திருக்கிறார். வாசலில் மேசைமேல் ஹெட்போனோடு வைத்திருக்கிறேன். பெரியவர்கள் போவதற்கு முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஏழாவது நிமிடத்தில் ஒருவர் தனியாக அடிக்கிறார், இடது கை கொஞ்சம் முரட்டுக் கை. யாருடைய அடி என்று பிடிபட்டால் அட்டையில் எழுதிவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே பேனா இருக்கிறது.