வன்னி அரங்கு – 14: காக்கைவன்னியன் எந்தப் பந்தியில் வரவேண்டும்?

முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் பற்றிப் போன கிழமை எழுதியதை வாசித்த சிலர், இதை இணையக் கலைக்களஞ்சியத்திலும் சேர்க்கலாமே, அங்கிருப்பதைத் திருத்தலாமே என்று கேட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ‘எங்கள் மண்ணின் வீரனுக்கு இவ்வளவுதானா?’ என்று கோபித்து எழுதினால் யாரும் எதையும் திருத்த முடியாது. எந்த வசனம் பிழை, சரி எது, அது எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டும்.

நான் முதலில் பார்ப்பது காக்கைவன்னியனைத்தான். வன்னியில் ஆடப்பட்ட பண்டாரவன்னியன் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவன்தான் காட்டிக்கொடுத்தவன். அவன் மேடைக்கு வந்தாலே சனம் கூச்சலிடும். ஆனால் மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யில் காக்கைவன்னியன் காட்டிக்கொடுப்பது யாழ்ப்பாண அரசன் சங்கிலியை, அதுவும் பறங்கியரிடம். அந்த நூல் ஒல்லாந்தர் காலத்தது. பண்டாரவன்னியனோ 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தவன். அவனுடைய போருக்கு முன்பே எழுதி முடிந்த நூலில் இருக்கும் துரோகி, அவனுக்கு எப்படித் துரோகம் செய்திருக்க முடியும்?

இதற்காக நாடகத்தைக் குறைசொல்லத் தேவையில்லை. வில்லனை எங்கிருந்தும் கொண்டுவர நாடகாசிரியனுக்கு உரிமை உண்டு. கலைக்களஞ்சியம் எழுதுபவருக்குத்தான் அந்த உரிமை இல்லை. கதைச்சுருக்கத்தில் காக்கைவன்னியன் தாராளமாக வரட்டும்; வரலாற்றுப் பின்னணி என்ற பந்திக்குள் அவன் நுழைந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

கற்சிலைமடு நினைவுக்கல்லின் கதையும் இப்படித்தான். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் நாட்டப்பட்ட, ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கல், 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்ததாகச் சொல்கிறது. கொன்றதாகச் சொல்லவில்லை. கல்லை ஆதாரம் காட்டி ‘இங்கே வீரமரணம் அடைந்தான்’ என்று எழுதுபவர் கல்லை வாசிக்கவில்லை என்றுதான் கொள்ளவேண்டும். கலைஞர் கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ வேறொரு படைப்பு, அது நாவல். அதிலுள்ள சம்பவம் எதுவும் முல்லைமணியின் கணக்கில் ஏறக்கூடாது.

பிறகு, கட்டுரையில் இல்லாததைக் கேளுங்கள். நாடகம் முதலில் எங்கே மேடையேறியது, யார் நடித்தார்கள், அச்சுப் பிரதிக்கும் மேடையில் பேசியதற்கும் என்ன வித்தியாசம்? ‘ஒப்பற்ற’, ‘காலத்தால் அழியாத’ போன்ற சொற்களை வெட்டினாலே இவற்றுக்கு இடம் கிடைத்துவிடும். கோவலன் கூத்து போன்ற மரபுக் கூத்துகளில் பிரதி பற்றிய சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பிரதி என்பதே கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பிதான்.

மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளை 1902 இல் ‘அபிதானகோச’த்தை வெளியிட்ட காலத்தில், ஒரு பிழையைத் திருத்த அடுத்த பதிப்பு வரவேண்டும். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றிரவே திருத்தலாம். ஆதாரம் இல்லாவிட்டால் விடியமுன் அது நீக்கப்படவும் கூடும். ‘எங்கள் பெரியப்பா அந்த நாடகத்தில் நடித்தவர்’ என்பது அங்கே செல்லாது. இது நியாயமா என்று எனக்கும் கேட்கத் தோன்றும். இடம்பெயர்வுகளில் பெட்டி பெட்டியாகக் கடதாசிகளை இழந்த சனத்திடம் அச்சிட்ட சான்று கேட்பது கொடுமைதான். ஆனாலும் விதியோடு மல்லுக்கட்டுவதைவிட, பெரியப்பா சொல்வதை அச்சில் ஏற்றுவது சுலபம். பாடசாலை மலரோ கோயில் மலரோ போதும்; பேசியவரின் பெயர், ஊர், திகதியோடு வந்தால் அதை மேற்கோள் காட்டலாம்.

முள்ளியவளையிலோ வவுனியாவிலோ, அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினர் வீட்டிலோ, பழைய நாடக நோட்டீஸ், மேடைப் படம், வசனக் கொப்பி ஏதும் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈழத்து எழுத்தாவணங்களை 2005 முதல் மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இந்தப் பத்திரிகைக்கு ஒரு பிரதி அனுப்பினாலும் போதும். தகுந்த விபரத்தோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம்.